டோம், டொம், டும்: ஒரே வார்த்தைன்னு நம்பி மூணு நாட்ல நான் கத்துக்கிட்டது

2014 ஏப்ரல். ஹாம்பர்க்ல வேலைக்குச் சேர்ந்து மூணு வாரம்கூட ஆகல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவர் ஒருத்தர் "நைட்டு எல்லாரும் டோமுக்குப் போறோம், நீயும் வா"ன்னு கூப்பிட்டார். ஜெர்மன்ல எனக்கு உருப்படியா தெரிஞ்ச பத்து இருபது வார்த்தைல அதுவும் ஒண்ணு. டோம்னா பிஷப் இருக்கிற பெரிய தேவாலயம். வந்த முதல் வாரக்கடைசியிலயே கொலோன் போய் அங்க இருக்கிற டோமைப் பாத்துட்டு வந்திருந்தேன், 157 மீட்டர் உயரம், 1248ல கட்ட ஆரம்பிச்சு நடுவுல முன்னூறு வருஷம் போல வேலையே நடக்காம கிடந்து 1880ல தான் முடிச்சிருக்காங்க, அண்ணாந்து பாத்துப் பாத்து கழுத்து வலிச்சது. அதனால நல்ல சட்டையா போட்டுக்கிட்டு, கோயிலுக்குப் போறோம்னு சாப்பிடாமக்கூட கிளம்பிட்டேன்.

யூ3 ரயில்ல இறங்கி மேல ஏறி வந்தா கண்ணு கூசுது. ராட்சத ராட்டினம், துப்பாக்கி சுடுற ஸ்டால், சர்க்கரைப் பாகுல வறுத்த பாதாம் வாசனை, ஒரு மைதானம் முழுக்க ஜனம். நான் பாட்டுக்கு "டோம் எங்க?"ன்னு கேக்குறேன், அவர் கையை விரிச்சு "இதான் டோம்"ங்கிறார். பத்தரை மணிக்கு வாணவேடிக்கை வேற.

ஹாம்பர்க்காரங்களுக்கு டோம்னா பொருட்காட்சி. வருஷத்துக்கு மூணு தடவை, ஹைலிகென்கைஸ்ட்ஃபெல்ட்னு ஒரு பெரிய திடல்ல நடக்கும். இந்தப் பேர் எப்படி வந்துச்சுன்னு அப்புறம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த ஊர்லயும் ஒரு காலத்துல நிஜமான டோம் இருந்திருக்கு, மரியாளுக்குக் கட்டின பேராலயம். மழையும் குளிருமா இருக்கிற நாள்ல வியாபாரிங்க, வித்தை காட்டுறவங்க எல்லாம் அதுக்குள்ள ஒதுங்கி அங்கயே கடை போட்டுட்டாங்க. 1804ல அந்தப் பேராலயத்தை இடிக்க ஆரம்பிச்சாங்க. கோயில் போயிடுச்சு, சந்தைக்கு மட்டும் கோயில் பேரு ஒட்டிக்கிச்சு. நம்ம ஊர்ல ஏரியே இல்லாத எடத்துக்கு ஏரிக்கரைன்னு பேர் இருக்கிற மாதிரி தான்.

அன்னைக்கு நான் கவனிச்சிருக்க வேண்டியது ஒரு சின்ன விஷயம். அவர் ஜெர்மன்ல சொன்னது "அவுஃப் டென் டோம்". தேவாலயத்துக்குள்ள போறதா இருந்தா "இன் டென் டோம்"னு சொல்லியிருப்பார். முன்னாடி வர்ற அந்தக் குட்டிச் சொல்லு மாறினதுலயே எடம் மாறிப்போச்சு. அதுல இருந்து எந்தப் புது வார்த்தை படிச்சாலும் தனியா எழுத மாட்டேன், அது எந்தக் குட்டிச் சொல்லோட, எந்த வினையோட வந்துச்சோ அப்படியே முழுசா ஒரு வரியா எழுதிக்குவேன். இது ரொம்ப உதவுச்சு.

இதுவரைக்கும் சொன்னது லேசான கதை. அடுத்தது அப்படி இல்ல.

2017ல வேலை மாறி நெதர்லாந்து, உட்ரெக்ட் நகரம். மனைவியும் பொண்ணும் ஹாம்பர்க்லயே என்கூட வந்து சேர்ந்துட்டாங்க, பொண்ணுக்கு அந்தப் பொருட்காட்சி டோம்னா உசுரு. உட்ரெக்ட் வந்தா இங்கயும் ஒரு டோம்! ஊருக்கு நடுவுல 112 மீட்டர் கோபுரம், நெதர்லாந்துலயே உயரமான சர்ச் கோபுரம் அதான், ஊர்ல எந்தத் தெருவுல நின்னாலும் தலை தெரியும். 465 படி. அதுல ஒரு விசேஷம், கோபுரம் தனியா நிக்கும், சர்ச் தனியா நிக்கும், நடுவுல வெறும் திடல். 1674 ஆகஸ்ட் 1 அன்னைக்கு அடிச்ச புயல்ல நடுப்பகுதி அப்படியே சரிஞ்சு விழுந்துடுச்சாம், திரும்பக் கட்டவே இல்ல. பொண்ணை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரும்போது தினமும் அந்தப் பக்கமா தான் வருவோம். "டொம் ஹாய், டொம் பை"ன்னு கோபுரத்துக்குக் கை காட்டிட்டு வருவா.

அவளுக்கு அப்போ ஆறு வயசு. டச்சு தெரியாது. க்ளாஸ்ல நாலஞ்சு மாசம் வாயே திறக்கல. புது பாஷைக்குள்ள போற குழந்தைங்க பல பேர் இப்படி ஒரு மௌன காலத்துல இருப்பாங்கன்னு டீச்சர் சொன்னாங்க, பயப்படாதீங்கன்னாங்க, ஆனாலும் பெத்தவங்களுக்குப் பயமா தான் இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் ஓடி வர்றா, முகமெல்லாம் சிரிப்பு. "அப்பா, அந்தப் பையன் என்னை டொம்னு சொன்னான்! நான் டொம்மாம்!" அவ்வளவு பெரிய கோபுரம் பேரைத் தனக்கு வச்சிட்டாங்கன்னு அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும் அப்போ டச்சு அரைகுறை தான், "அட, சூப்பர்டா"ன்னு சொல்லி ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்துக் கூட்டிட்டு வந்தேன்.

ராத்திரி சும்மா அகராதியைப் புரட்டினப்போ தான் தெரிஞ்சது. டச்சுல டொம்னா முட்டாள்.

அந்த நேரம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு இப்பவும் ஒழுங்கா சொல்ல வராது. குழந்தை தூங்கிட்டிருக்கா. அவளை முட்டாள்னு சொன்னதுக்கு நான் ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்திருக்கேன். அந்தப் பையனும் ஆறு வயசுக் குழந்தை தானே, அவன்மேல கோபம் இல்ல. மறுநாள் டீச்சர்கிட்ட பேசினேன், அவங்க அவனைக் கூப்பிட்டு "இவ டொம் இல்ல, ஸ்டில்"னு சொன்னாங்களாம். ஸ்டில்னா அமைதியா இருக்கிறவ. அந்த வாக்கியத்துக்காக அந்த டீச்சரை நான் என்னைக்கும் மறக்க மாட்டேன்.

வெளிநாட்ல பிள்ளைங்களை ஸ்கூல்ல சேர்க்கப் போற அப்பா அம்மா யாராவது இதைப் படிச்சீங்கன்னா ஒண்ணு செய்யுங்க. குட் மார்னிங், தேங்க்ஸ் எல்லாம் பிள்ளைங்க தானா கத்துக்கும். நீங்க முதல்ல படிக்க வேண்டியது அந்த ஊர்க் குழந்தைங்க ஒருத்தரை ஒருத்தர் என்னன்னு திட்டிக்குவாங்கங்கிறது. டச்சுல டொம், ஸ்டொம், கெக் (ஹெக்னு தொண்டைல இருந்து சொல்லுவாங்க), அவ்வளவு தான், அஞ்சு நிமிஷ வேலை. நான் அதைச் செய்யல.

அதுக்கப்புறம் இந்த வார்த்தையை என்னால விட முடியல. பக்கத்து வீட்ல ரிட்டயர் ஆன ஒரு பாட்டிம்மா, முன்னாடி ஸ்கூல்ல மொழிப்பாடம் எடுத்தவங்க, அவங்க உக்கார வச்சு விளக்கினாங்க. கோபுரம் டொம் வேற, முட்டாள் டொம் வேற, ரெண்டுக்கும் சொந்தமே கிடையாது. கோபுரம் டொம் லத்தீன் "டோமுஸ்"ல இருந்து வந்தது, வீடுன்னு அர்த்தம், இறைவனோட சபை கூடுற வீடு. முட்டாள் டொம், ஜெர்மன் "டும்", இங்கிலீஷ் "டம்ப்", மூணும் ஒரு தாய்ப் பிள்ளைங்க. இதுல தான் என்னை ரொம்ப நாள் உறுத்தின விஷயம் இருக்கு. இந்த வார்த்தைக்கு முதல்ல முட்டாள்னே அர்த்தம் இல்ல. 4ஆம் நூற்றாண்டு கோதிக் (ஒரு பழைய ஜெர்மானிய மொழி) பைபிள்ல இது பேச முடியாதவர்னு மட்டும் தான் வருது. இங்கிலீஷ்ல டம்ப் ரொம்ப காலம் ஊமைங்கிற பொருள்ல தான் இருந்துச்சு. பேசாதவன், அப்புறம் புரியாதவன், அப்புறம் அறிவில்லாதவன், இப்படி தான் இறங்கியிருக்கு. இதே மாதிரி இன்னொண்ணு, டச்சுல "டோஃப்"னா காது கேக்காதவர், அதே "டோஃப்" ஜெர்மன்ல போனா முட்டாள். வாய் பேசாதவங்களையும் காது கேக்காதவங்களையும் மக்கள் எப்படிப் பாத்திருக்காங்கங்கிறது வார்த்தைக்குள்ளயே பதிஞ்சு கிடக்கு. என் பொண்ணுக்கு நடந்ததும் அதே தானே, பேசல, அதனால டொம்.

இதை வீடியோ கால்ல அப்பாகிட்ட சொன்னேன். அவர் கும்பகோணத்துல தமிழாசிரியரா இருந்து ஓய்வு பெற்றவர். பேத்தி விஷயம் கேட்டு முதல்ல கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் அவர் சொன்னது:

"இது என்னடா அதிசயம், நம்ம மடத்துத் தெரு மடம் என்ன, அச்சம் மடம் நாணம்ல வர்ற மடம் என்ன?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. ஆதீன மடம் சமஸ்கிருதத்துல இருந்து வந்த சொல்லு. அறியாமைங்கிற மடம் நம்ம சொந்தச் சொல்லு, மடமை, மடவார் எல்லாம் அந்தக் குடும்பம். எழுதுறது ஒண்ணு, உச்சரிப்பு ஒண்ணு, ஆனா ஒண்ணு சாமியார் இருக்கிற எடம், இன்னொண்ணு விவரம் தெரியாத தன்மை. டச்சுக்காரங்க டொம்ல இருக்கிற அதே ரெண்டு பொருளும் அப்படியே நம்மகிட்டயும்! இது தற்செயலா நடந்தது தான், ரெண்டு மொழிக்கும் இதுல எந்தத் தொடர்பும் இல்ல, ஆனா சின்ன வயசுல இருந்து ரெண்டு மடத்தையும் குழப்பிக்காம பேசிட்டு வந்த எனக்கு டச்சுக் குழந்தைங்களுக்கும் அவங்க டொம் ரெண்டும் அப்படித்தான் இருக்கும்னு அந்த நிமிஷம் புரிஞ்சது. அப்பா அதோட விடல, "மடம்னா எப்பவும் இழிவு இல்லடா, மயிலுக்குப் போர்வை குடுத்த பேகனைப் புறநானூறு கொடைமடம்னு தான் பாடுது, கணக்குப் பாக்காம குடுக்கிறது"ன்னார். அப்பா எப்பவும் இப்படித்தான், ஒரு சொல்லைப் பிடிச்சா அதுல இருக்கிற நல்லதையும் தேடி எடுத்துட்டு தான் வைப்பார்.

பொண்ணுகிட்ட இதை எப்படிச் சொல்றது? ரெண்டு நாள் யோசிச்சேன். மூணாவதா ஒரு டொம் இருந்துச்சு, அது கை குடுத்துச்சு. இங்கிலீஷ்ல கிங்டம், ஃப்ரீடம், விஸ்டம்னு கடைசியில வருதே அந்த டம், டச்சுல "ரைக்டொம்"னா செல்வம், "எய்கென்டொம்"னா சொத்து. இது மத்த ரெண்டு டொம்மோடயும் சேராது. பழைய ஜெர்மானிய மொழிகள்ல இதுக்கு நிலைநாட்டினது, தீர்ப்பு, சட்டம்னு பொருள். சட்டத்துல இருந்து அதிகாரம், அந்தஸ்து, அப்படியே ஒரு நிலையைச் சொல்ற விகுதியா தேஞ்சு போச்சு. அவகிட்ட சொன்னேன், "டொம் மூணு இருக்குடா கண்ணா, ஒண்ணு கோபுரம், ஒண்ணு அந்தப் பையன் சொன்னது, இன்னொண்ணு விஸ்டம்ல வர்றது, நீ எது வேணும்னாலும் எடுத்துக்க." அவ கோபுரத்தை எடுத்துக்கிட்டா.

2020ல ஸ்வீடன், உப்சாலா. கிளம்புறப்போ உட்ரெக்ட் கோபுரத்துக்குச் சாரம் கட்டிட்டு இருந்தாங்க, 2024ல தான் அதைப் பிரிச்சு முடிச்சாங்க. உப்சாலாவுலயும் வானத்துல ரெட்டைக் கோபுரம், 118 மீட்டருக்கு மேல, அதுக்குப் பேர் "டும்ஷிர்க்கா". ஷிர்க்கான்னா சர்ச். முன்னாடி இருக்கிற டும் அதே லத்தீன் வீடு தான். ஆனா ஸ்வீடிஷ்ல தனியா டும்னு எழுதினா கோயிலும் இல்ல முட்டாளும் இல்ல, கோர்ட் தீர்ப்பு! நான் சொன்னேன்ல மூணாவது, விகுதியா தேஞ்சு போச்சுன்னு, அது இங்க முழு வார்த்தையா உயிரோட உக்காந்திருக்கு. "டும்ஸ்டூல்"னா நீதிமன்றம், அதாவது தீர்ப்பு நாற்காலி. நீதிபதி "டும்மரெ". ஃபுட்பால் ரெஃப்ரிக்கும் அதே தான். பொண்ணோட முதல் மேட்ச்சுல ஓரத்துல நின்ன அப்பாக்கள் எல்லாம் "டும்மரென்! டும்மரென்!"னு கத்துறாங்க, டச்சுல "டொமோர்"னா மடையன், அந்தக் காதோட கேட்ட எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு, குழந்தைங்க ஆட்டத்துல பெரியவங்க இப்படியா திட்டுவாங்கன்னு. அவங்க ரெஃப்ரியைக் கூப்பிட்டிருக்காங்க, அவ்வளவு தான்.

இது போதாதுன்னு "அவங்க"ங்கிறதுக்கும் பேச்சுல "டொம்"னு தான் சொல்லுவாங்க, சாட்லயும் அப்படியே எழுதுவாங்க. தீர்ப்பும் அவங்களும் எழுத்துல ஒண்ணு, உச்சரிப்புல வேற, ஒண்ணு டும், ஒண்ணு டொம்.

இங்க நம்ம எழுத்தோட அருமையைச் சொல்லியே ஆகணும். இங்கிலீஷ் எழுத்துல எழுதினா இதெல்லாம் ஒரே மூணு எழுத்து, வித்தியாசமே தெரியாது. தமிழ்ல எழுதினா ஜெர்மன் பேராலயம் டோம், நெடில். டச்சு ரெண்டும் டொம், குறில். ஸ்வீடிஷ் தீர்ப்பு டும். குறில் நெடில் மாறினா பொருள் மாறும்னு நமக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியது இல்ல, கொடு வேற கோடு வேற. அதனால என் நோட்ல எந்த ஐரோப்பிய வார்த்தையா இருந்தாலும் பக்கத்துல தமிழ்ல உச்சரிப்பு எழுதிடுவேன். நூத்துக்கு நூறு வராது, ஸ்வீடிஷ்ல முட்டாளுக்கும் ஒரு டும் இருக்கு, அதோட உகரம் உதட்டைக் குவிச்சு வேற மாதிரி வரும், அதைத் தமிழ்ல எழுத முடியல, காதால தான் பழகணும்.

இன்னொரு பிடி இருக்கு, இது ஜெர்மன்ல இருந்து மத்த மொழிக்குப் போறவங்களுக்குப் பெரிய உதவி. ஜெர்மன்ல ட-வை அழுத்திச் சொல்ற எடத்துல மத்தவங்க மெதுவா சொல்லுவாங்க. ஜெர்மன்ல நாளுக்கு "டாக்", அந்த ட நம்ம பட்டம்ல வர்ற ட்ட மாதிரி. டச்சு, ஸ்வீடிஷ்ல அது மெல்லிசா, பண்டம்ல வர்ற ட மாதிரி. குடிக்கிறதுக்கும் அப்படித்தான், கதவுக்கும் அப்படித்தான். டச்சு ரைக்டொம் ஜெர்மன்ல "ரைஷ்டூம்", அழுத்தமான ட. அப்போ ஜெர்மன் பேராலய டோம் மட்டும் ஏன் மெல்லிசா இருக்கு? ஏன்னா அது பின்னாடி இத்தாலி, பிரான்ஸ் பக்கத்துல இருந்து வந்த உருவம், இந்த மாற்றம் நடந்து முடிஞ்சு பல நூறு வருஷத்துக்கு அப்புறம். முட்டாள் டும் கூட இடைக்கால ஜெர்மன்ல அழுத்தமா "டும்ப்"னு தான் இருந்துச்சு, வடக்கு வழக்கோட செல்வாக்குல மெலிஞ்சிடுச்சு. விதி எங்க தப்புதோ அங்க ஒரு கதை இருக்கும், தேடிப் பாருங்க.

விதின்னு சொன்னதும் ஞாபகம் வருது, இதைத் தெரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல. இங்கிலீஷ்ல "டூம்"னு ஒண்ணு இருக்கே, கெட்ட முடிவு, அழிவு, அது இந்தத் தீர்ப்பு டும் தான். 1086ல வில்லியம் மன்னர் எடுத்த நிலக் கணக்குக்கு டூம்ஸ்டே புத்தகம்னு பேர் வந்ததும் அதுல எழுதினா எழுதினது தான், கடைசித் தீர்ப்பு மாதிரி மாத்த முடியாதுன்னு தான். சட்டம்னு ஆரம்பிச்ச சொல்லு தலையெழுத்துல போய் நின்னுடுச்சு. இந்த டூமோட ஆதி வேர் "வை, நிறுவு"ங்கிறது. அதே வேர் சமஸ்கிருதத்துல "தா", அதுல இருந்து வந்தது தான் நாம தினமும் சொல்ற விதி. நம்மகிட்டயும் விதின்னா சட்டவிதி, விதின்னா தலைவிதி! அதே மாதிரி டோமுஸ்ங்கிற வீட்டோட வேர் சமஸ்கிருதத்துல "தம்", வீட்டுக்குத் தலைவன் "தம்பதி", அதை நாம புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்றோம். ஜெர்மன்ல ரூமுக்கு "ட்ஸிம்மர்", ஸ்வீடிஷ்ல மரக்கட்டைக்கு "டிம்மெர்", டச்சுல தச்சனுக்கு "டிம்மெர்மன்", எல்லாம் அதே வீட்டுக் குடும்பம். மடம் தற்செயல், ஆனா விதியும் தம்பதியும் நிஜச் சொந்தம். பாக்க ஒரே மாதிரி இருக்கிறதுக்குச் சொந்தம் இல்ல, பாக்கச் சம்பந்தமே இல்லாதது கூடப்பிறந்ததா இருக்கு. இதைப் பாக்கணும்னா ஸ்வீடிஷ் அகாடமி அகராதி இலவசமாவே ஆன்லைன்ல இருக்கு, நூறு வருஷத்துக்கு மேல உழைச்சு 2023ல தான் கடைசித் தொகுதியை முடிச்சாங்க, ஒவ்வொரு சொல்லுக்கும் பூர்வீகம் போட்டிருக்கும்.

நடைமுறைல என்னைக் காப்பாத்தினது இவ்வளவு ஆராய்ச்சி இல்ல, ரெண்டே பழக்கம். ஒண்ணு, மூணு நாலு எழுத்துச் சொல்லை நம்பாதீங்க, நீளமான சொல்லை நம்புங்க. குட்டிச் சொல்லுங்க தேஞ்சு தேஞ்சு ஒண்ணு மாதிரி ஆகியிருக்கும். டும்னு மட்டும் பாத்தா எதுவும் தெரியாது. டும்ஷிர்க்கா, டும்ஸ்டூல்னு பாத்தா தெரியும், அதுவும் கடைசித் துண்டைப் பாத்தா போதும், மரப்பெட்டின்னா அது பெட்டி தானே, அங்கயும் அப்படியே. ரெண்டாவது, அந்தச் சொல்லோட வினையைக் கேளுங்க. கோபுர டோமுக்கு வினை கிடையாது. தீர்ப்பு டும்முக்கு "டொம்மா"ன்னு தீர்ப்புச் சொல்ற வினை இருக்கு. சொந்தக்காரங்களைக் கேட்டா ஆள் யாருன்னு தெரிஞ்சிடும்.

போன வருஷம் குளிர்காலத்துல எங்க பில்டிங்ல இருக்கிற ஒரு அக்கா கதவைத் தட்டினாங்க. யாழ்ப்பாணத்துக்காரங்க, பதினெட்டு வருஷம் நெதர்லாந்துல இருந்துட்டு மகளோட இங்க வந்தவங்க. முதியோர் பராமரிப்பு வேலைல முதுகு போய், மருத்துவ விடுப்புக் காசை நிறுத்திட்டாங்கன்னு கேஸ் போட்டிருந்தாங்க. கையில ஒரு கடிதம், கை நடுங்குது.

"தம்பி, மகள் வேலைக்குப் போட்டாள். இதை ஒருக்காப் பாருங்கோ. மேல பெரிசா டொம் எண்டு அடிச்சுக் கிடக்கு. ஹொலண்டில டொம் எண்டால் மொக்கு எண்டெல்லோ. கோட்டில இருந்து என்னை மொக்கு எண்டே எழுதியிருக்கினம்?"

"இல்லக்கா, அப்படி இல்ல. இங்க அது தீர்ப்புன்னு அர்த்தம். உள்ள வாங்க, உக்காருங்க முதல்ல."

உக்காந்தாங்க. பத்துப் பக்கம் கடிதம். எனக்கு முழுசா புரியாது, ஆனா எதைத் தேடணும்னு தெரியும். "டும்ஸ்லூட்"னு ஒரு தலைப்பு இருக்கும், தீர்ப்பு முடிவு, ஜெர்மன்ல முடிவுக்கு "ஷ்லுஸ்", அதே சொந்தம். அதுக்குக் கீழ வர்ற ஒண்ணு ரெண்டு வரில தான் எல்லாமே இருக்கு. "ஆவ்ஸ்லோர்"னு இருந்தா தள்ளுபடி, ஜெர்மன்ல மறுக்கிறதுக்கு "ஆப்ஷ்லாகென்". "பீஃபாலெர்"னு இருந்தா ஏத்துக்கிட்டாங்க, ஜெர்மன்ல "பைஃபால்"னா கைதட்டல். இந்தக் குடும்பம் இத்தனை தடவை என்னை ஏமாத்தியிருக்கு, அன்னைக்கு அந்த வரியைத் தேடுறப்போ அதுவே தான் துணைக்கு வந்துச்சு. விரலை வச்சுக்கிட்டே ஒவ்வொரு எழுத்தா படிச்சேன்.

பீஃபாலெர்.

அகராதிலயும் ஒரு தடவை பாத்து உறுதி பண்ணிக்கிட்டு, "அக்கா, உங்க பக்கம் தான் தீர்ப்பு"ன்னு சொன்னேன். அவங்க கொஞ்ச நேரம் கடிதத்தையே பாத்துட்டிருந்தாங்க. எதிர்த்தரப்பு மேல்முறையீடு பண்ண எந்தத் தேதி வரைக்கும் அவகாசம் இருக்குன்னு கடைசிப் பக்கத்துல போட்டிருந்துச்சு, அதையும் சொன்னேன், தேதியைக் காலண்டர்ல வட்டம் போட்டுக் குடுத்தேன், மகள் வந்ததும் ஒரு வக்கீல்கிட்டயோ இலவச சட்ட உதவிலயோ முழுசா காட்டிடுங்கன்னேன். தலையாட்டினாங்க. அப்புறம் கடிதத்தைத் திருப்பி என் பக்கமா வச்சு, "அந்தச் சொல்லை இன்னொருக்கா வாசியுங்கோ தம்பி"ன்னாங்க.